திருப்பூர் என்று எழுதிய சி.டி.

சாயங்காலம் ஐந்தரை மணி. ஐப்பசி மாதம். அருவங்காட்டுக்கு மேலே தேயிலைக்காட்டுக்கு நடுவில் ஏறிப்போகிற மண் ரோடு. ஒரு பக்கம் சில்வர் ஓக் மரங்கள், மறுபக்கம் பள்ளம். மழை விட்டு மூடுபனி இறங்கிவிட்டது. அந்த ரோட்டில் முத்துராஜ் தனியாக ஏறிப் போகிறான். ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் தூக்குச்சட்டி, தோளில் கம்பளி. வளைவில் டார்ச் வெளிச்சம் ஒரு தரம் தெரிந்தது… அப்புறம் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவனை உயிரோடு யாரும் பார்க்கவில்லை.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது. ஈ.பி.க்குப் போன் போட்டால் அவர்களே இருட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார்களாம். கதவோரம் கால் நீட்டியிருக்கிற வீரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை… பாதியில் "போதும்" என்று சொல்லக்கூடாது. நான் பாதியில் நிறுத்துகிற ஆள் இல்லை. இது என் அத்தை பேச்சியம்மாவுக்குப் பக்கத்து வீட்டில் இருந்த கலைமதிக்கு நடந்தது. அத்தை பொய் சொல்ல மாட்டாள். சொன்னாலும் இவ்வளவு கோவையாகச் சொல்ல அவளுக்கு வராது.

முத்துராஜ் கலைமதியின் புருஷன். ஒரு டீ பேக்டரிக்கு வாட்ச்மேன். பேக்டரி பேரை நான் சொல்லப்போவதில்லை. இன்றைக்கு வேறு யாரோ நடத்துகிறார்கள், அவர்கள் பிழைப்பில் நான் ஏன் மண்ணைப் போட வேண்டும்?

தேயிலை விழுந்த வருஷங்கள் அவை. பறிக்கிற கூலிக்குக்கூட இலை விலை கட்டவில்லை. பறிக்காமலே விட்டார்கள். செடியெல்லாம் ஆள் உயரம் வளர்ந்து காடாகிவிட்டது. பேக்டரிகள் ஒவ்வொன்றாகச் சங்கு ஊதுவதை நிறுத்தின. ஜனங்கள் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்கு இறங்கினார்கள். சொல்லிக்கொண்டு போனவர்கள் பாதி, சொல்லாமல் போனவர்கள் பாதி. ஒரு வீட்டில் ஆள் குறைந்தால் "என்ன, திருப்பூரா?" என்று கேட்பார்கள். சளி பிடித்ததா என்று கேட்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகக் கேட்பார்கள்.

முத்துராஜ் காவல் காத்த பேக்டரியும் மூடித்தான் கிடந்தது. உள்ளே இருக்கிற மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போக ஆட்கள் சுற்றியதால் முதலாளி அவனை மட்டும் இராக்காவலுக்கு வைத்திருந்தார். விடிந்தால் இறங்கி வருவான். அன்றைக்கு வரவில்லை. கலைமதி கஞ்சியை மூடி வைத்துவிட்டு மேலே ஓடினாள். பேக்டரியின் பெரிய கதவில் வெளியே பூட்டு தொங்கியது. தட்டினாள், கூப்பிட்டாள். "ஏனுங்க… ஏனுங்க…" பதில் இல்லை.

வெளியே பூட்டு தொங்கினால் உள்ளே ஆள் இல்லை. யாருக்கும் தெரிந்ததுதானே? அவளும் அப்படித்தான் நினைத்தாள். திரும்பி வந்துவிட்டாள். இந்தப் பூட்டை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரிலும் முதலாளியிடமும் கேட்டால், "திருப்பூருக்குப் போயிருப்பான்." போலீஸ் ஸ்டேஷனில் கேட்டால், "திருப்பூர்ல பாத்தியாம்மா?" சில பெண்கள் இன்னும் ஒருபடி மேலே போய், அங்கே அவனுக்கு ஒருத்தி இருக்கிறாள் என்று குசுகுசுத்தார்கள். கலைமதி தானே பஸ் ஏறிப் போனாள். பனியன் கம்பெனி கேட்டுகளில் ஷிப்ட் விடுகிற நேரம் நின்று, வெளியே வருகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கண் எரிந்ததுதான் மிச்சம். காட்டுவதற்கு இருந்தது கல்யாணப் போட்டோ ஒன்று. அதில் மீசை முளைக்காத மாப்பிள்ளை முழித்துக்கொண்டு நின்றான். அதைப் பார்த்து இன்றைய முத்துராஜை அவன் அம்மாவே கண்டுபிடிக்க முடியாது.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அவனுக்கு அவள், அவளுக்கு அவன். ஒருவரை ஒருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. அவளுக்கு அவன் 'ஏனுங்க'. அவனுக்கு அவள் 'ஏம்புள்ள'. ரேஷன் கடையில் புருஷன் பேர் கேட்டால் அவள் திரும்பிப் பேச்சியம்மாவைப் பார்ப்பாள். அத்தைதான் அலுத்துக்கொண்டே, "முத்துராஜுன்னு எழுதுங்க சாமி" என்பாள்.

தேயிலை வேலை போன பிறகு கலைமதி குன்னூரில் செலஸ்டினுடைய ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். செலஸ்டின் கல்யாண வீடியோ எடுப்பவர். தேயிலை விழுந்ததில் கல்யாணமும் சுருங்கிப்போக, சி.டி. நகல் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். அதற்கு ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தார். இடுப்பு உயர இரும்புப் பெட்டி. உச்சியில் ஒரு டிரைவ், அது படிக்கும். அதற்குக் கீழே வரிசையாக ஐந்து டிரைவ், அவை எழுதும். மேலே அசலை வைத்து, கீழே ஐந்து வெறும் சி.டி.யை வைத்து ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். ஒரே அசல், ஒரே நேரம், ஐந்து நகல். ஐந்தும் ஒன்றுபோலத்தான் வரும். வேறு மாதிரி வர வழியே இல்லை.

மார்கழி வந்தது. கிறிஸ்துமஸ் பாட்டு சி.டி. போட்டு முடிக்கவே அந்தப் பெட்டிக்கு நேரம் போதவில்லை. அப்போதுதான் நல்லசாமி ஒரு யோசனை சொன்னார். அவர் காரட் மூட்டை ஏற்றிக்கொண்டு கீழே போகிற வேன் டிரைவர், முத்துராஜுக்குச் சினேகிதர்.

"போட்டோவ ஆரும் பாக்கறதில்லீங்க. அங்கங்க கேபிள் டிவிக்காரங்க காணவில்லைன்னு போடறாங்கல்ல? ஓடற படமா ஒரு சி.டி. குடுத்தா சும்மாவே போடுவாங்க. நடையப் பாத்தா, சிரிப்பப் பாத்தா ஆருக்காச்சும் தெரியும். நாளைக்கு விடியால வண்டி எடுக்கறன். போற வழியில ஒவ்வொரு ஊருலயும் குடுத்துட்டுப் போயிடறன்."

ஓடுகிற படம் இருந்தது! ஆவணியில் நல்லசாமி தங்கச்சி கல்யாணத்தைச் செலஸ்டின்தான் எடுத்திருந்தார். அதில் பந்தியில் முத்துராஜ் ரச வாளியைத் தூக்கிக்கொண்டு வருகிறான். இலையில் ரசம் ஊற்றுகிறான். கேமராவைப் பார்த்ததும் வெட்கப்பட்டு, கரண்டியாலேயே "அக்கட்டப் போ" என்று விரட்டிச் சிரிக்கிறான். கலைமதி அதைப் பார்த்ததும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

படத்தோடு அவள் குரலும் வேண்டும் என்றார் செலஸ்டின். மைக்கைக் கொடுத்தார்.

"ஏனுங்க…" என்று ஆரம்பித்தாள்.

"ஏனுங்கன்னா ஊருல இருக்கிற அத்தனை புருஷனும் திரும்பிப் பாப்பானம்மா. பேரைச் சொல்லு கலை."

கலைமதி சுவரைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். பிறகு தானாகவே சொன்னாள், "மூணு தரம் கூப்புடறனுங்கண்ணா. அப்பத்தான் மனுசிதான் கூப்புடறாள்னு தெரியும்."

நமக்கெல்லாம் தெரிந்த சங்கதிதான். இருட்டின பிறகு வெளியே இருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே "ஏன்" என்று கேட்க மாட்டோம். மூன்றாவது தரம் கூப்பிட்டால்தான் பதில். மற்றதுகளுக்கு மூன்றாவது தரம் வாய் வராது.

கலைமதி கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "முத்துராஜ்… முத்துராஜ்… முத்துராஜ்… எங்க இருந்தாலும் கெளம்பி வாங்க. கதவுக்குத் தாழ் போடாமத்தான் வெச்சிருக்கறன்."

ஆயுசில் முதல் தரமாக அந்தப் பேரைச் சொன்னாள். அசல் சி.டி. தயாராயிற்று.

செலஸ்டின் கேரல் பாட்டுப் பழகச் சர்ச்சுக்குக் கிளம்பினார். "நகல் எடுத்து ஒண்ணொண்ணா ஓட்டிப் பாத்து வை. நான் வந்து பூட்டிக்கிறேன்." ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கல்படியில் இறங்கிப் போனார். மாடிக்கடை அது. கீழே கடைத்தெரு. மூடுபனி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றது.

கலைமதி ஐந்து வெறும் சி.டி.யில் மார்க்கர் பேனாவால் ஊர்ப் பேர் எழுதினாள். மேட்டுப்பாளையம். காரமடை. அவிநாசி. சத்தியமங்கலம். திருப்பூர். ஐந்து தட்டிலும் ஐந்தையும் வைத்துத் தள்ளினாள். பொத்தானைத் தட்டினாள். உய்ய்ய்… என்று ஐந்தும் ஒன்றாகச் சுற்ற ஆரம்பித்தன. பச்சை விளக்குகள் துடித்தன. சத்தம் ஏறி, ஏறி… சட்டென்று இறங்கியது. க்ளக். ஐந்து தட்டும் ஒரே நேரத்தில் வெளியே நீண்டன.

சி.டி. எல்லாம் வெதுவெதுவென்று இருந்தன. மேட்டுப்பாளையத்தை எடுத்துப் பக்கத்தில் இருந்த பிளேயரில் போட்டாள். சின்ன டிவி.

கல்யாண மண்டபம் வரவில்லை. இருட்டு.

டிரைவ் கெட்டுவிட்டதோ என்று குனிந்து பார்த்தாள். இருட்டுக்குள் ஒரு சிவப்புப் புள்ளி… கரி. சட்டியில் கனிகிற கரி. அந்த வெளிச்சத்தில் தாழ்ந்த கூரை, மேலே கம்பி வலை. கீழே யாரோ போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார்கள். கம்பளியில் ஒரு கிழிசல், பச்சை நூலால் தைத்தது. தைத்தவள் அவள்தான்.

டிவியில் அவள் குரல் கேட்டது. "முத்துராஜ்…" அசைவில்லை. "முத்துராஜ்…" இல்லை. "முத்துராஜ்…"

கம்பளி அசைந்தது. அவன் எழுந்து உட்கார்ந்தான்.

"அய்யோ, இருக்காருங்க!" என்று கலைமதி கத்திவிட்டாள். டிவியைக் கட்டிக்கொண்டாள். உச்சந்தலை வரை சந்தோஷம். இதை யார் படம் எடுத்தார்கள், எப்படி இதற்குள் வந்தது… ஒன்றும் தோன்றவில்லை. நீங்களாக இருந்தால் கேட்டிருப்பீர்கள். ரெண்டு மாசமாகக் கேட் கேட்டாக நின்றவளுக்குக் கேள்வி கேட்கத் தோன்றாது. காரமடையை எடுத்துப் போட்டாள்.

பேக்டரியின் பின்பக்கம். இலை மூட்டை தூக்குவதற்கு மாடியில் வைத்திருக்கிற பலகைக் கதவு. அது திறந்து, அவன் ஏணியில் இறங்குகிறான். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முன்கதவைப் பூட்டிவிட்டு அவன் பின்னால் ஏறி உள்ளே போவான்! பூட்டைப் பார்த்துத் திருடன் ஏமாந்து வந்தால் மடக்கிவிடலாம் என்று அவனுக்கு எண்ணம். அவள் கதவைத் தட்டிக் கூப்பிட்ட அன்றைக்கு அவன் உள்ளேதான் இருந்திருக்கிறான். நெஞ்சில் அறைந்துகொண்டாள்.

அவிநாசி. சில்வர் ஓக் ரோடு, இலை எடை போடுகிற ஷெட். அவன் நடந்து வருகிறான். கையில் டார்ச் இல்லை. காலில் செருப்பு இல்லை. மூடுபனி அவன் மேல் மோதி விலகவில்லை… ஊடே போயிற்று. கிட்டே வந்தான். முகம் சிவந்து கிடந்தது. கண்கள் மூடியிருந்தன.

கண்ணை மூடிக்கொண்டே, ஒரு கல்லிலும் இடறாமல், மலைரோட்டில் இறங்கி வந்துகொண்டிருந்தான்.

கலைமதி பிளேயரை நிறுத்தினாள். அசலை எடுத்துப் பிளேயரில் போட்டாள். அதிலாவது சிரிக்கட்டும் சாமி… கல்யாண மண்டபம் வந்தது. மேளம் கேட்டது. பந்தி தெரிந்தது. இலை இலையாக ரசம் விழுந்துகொண்டே போயிற்று. ஊற்றுகிற கை இல்லை. வாளி இல்லை. ஆளே இல்லை.

பட்டென்று கரண்ட் போனது.

கடைத்தெரு முழுக்க இருட்டு. செலஸ்டின் கம்ப்யூட்டரையும் பிளேயரையும் டிவியையும் யு.பி.எஸ்ஸில் சொருகியிருந்ததால் அவை மட்டும் எரிந்தன. பீப்… பீப்… என்று யு.பி.எஸ். கத்த ஆரம்பித்தது. அவள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஓடியிருக்கலாம். அத்தை அதைத்தான் கேட்டாள், "ஓடியாந்திருக்கலாமல்ல கண்ணு?" கலைமதி சொன்னாளாம், "வாறது அவருங்கக்கா. நான் எங்க ஓடறது?"

சத்தியமங்கலத்தைப் போட்டாள்.

குன்னூர் கடைத்தெரு. இருட்டு. ஒரு பேக்கரியில் மட்டும் பையன் தீக்குச்சி கிழித்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறான். முதல் குச்சி அணைந்தது, இரண்டாவது பற்றியது. டிவியில் அதைப் பார்த்துக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பினாள். எதிர் பேக்கரியில் பையன் அப்போதுதான் இரண்டாவது குச்சியைக் கிழித்தான்.

தெருவில் யாரும் இல்லை. டிவியில் இருந்தான். பேக்கரியைத் தாண்டி, இந்தக் கல்படிக்குத் திரும்பிக்கொண்டிருந்தான்.

அறைக்குள் வாடை வந்தது. கனிந்த கரி வாடை. அதோடு வாடிய தேயிலை வாசம்… பேக்டரி ஓடிய காலத்தில் அவன் சட்டையில் வருகிற வாசம். அந்த வாசத்துக்கு அவள் எத்தனை நாள் ஏங்கியிருந்தாள்!

திருப்பூர் மட்டும் பாக்கி. அதையும் எடுத்தாள். போட்டாள்.

கல்படி. கீழே இருந்து மேலே பார்க்கிற மாதிரி. பாதி இறக்கிய ஷட்டர். ஷட்டருக்கு அடியில் டிவி வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் ரப்பர் செருப்புப் போட்ட இரண்டு கால்கள்… அவளுடைய கால்கள்.

"கலைமதி."

அவன் குரல்தான். டிவியில் இருந்து வந்ததா, ஷட்டருக்கு வெளியே இருந்து வந்ததா? அத்தை துருவித் துருவிக் கேட்டாள். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. 'ஏம்புள்ள' என்றிருந்தால் அந்த நிமிஷமே ஷட்டருக்கு அடியில் புகுந்து அவனிடம் ஓடியிருப்பாள். பேர் சொல்லிக் கூப்பிட்டான். ஆயுசில் கூப்பிடாத பேர். அதனால் நின்றாள். யு.பி.எஸ். கத்திக்கொண்டிருந்தது. பீப்… பீப்…

"கலைமதி."

இரண்டாவது தரம். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னும் ஒரு தரம். இன்னும் ஒரே ஒரு தரம் கூப்பிடுங்க… கூப்பிட்டா நீங்க மனுசன்தான்… கூப்பிடுங்க…

படியில் செருப்புச் சத்தம். டார்ச் வெளிச்சம்.

"கலை! கரண்ட் போயிருச்சா? ஆரும்மா கரி பத்த வெச்சது, மூச்சு முட்டுது?"

செலஸ்டின். ஷட்டரைத் தூக்கினார். வெளியே வேறு யாரும் இல்லை. மேல்படியில் மட்டும் ஒரு பிடி காய்ந்த தேயிலை கிடந்தது. யு.பி.எஸ். நீளமாக ஒரு தரம் கத்திவிட்டுச் செத்தது.

அவள் சொன்னது ஒன்றுதான். "பேக்டரிக்குப் போங்க. பின்னால ஏணி இருக்குதுங்க."

செலஸ்டின், நல்லசாமி, இன்னும் சிலர் அப்போதே போனார்கள். முன்னால் பூட்டு. பின்னால் ஏணி. உள்ளே, இலை வாட்டுகிற நீளத் தொட்டிக்கு அடியில், காற்று போவதற்கு ஓர் அறை உண்டு. குனிந்துதான் போக வேண்டும். குளிருக்கு அடக்கமான இடம். பழைய இலையைப் பரப்பி, கம்பளியைப் போர்த்தி, மரக்கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு முத்துராஜ் படுத்திருந்தான். பக்கத்தில் கரிச்சட்டி, சாம்பலோடு. அடைத்த அறையில் கரி வைத்துத் தூங்கினால் விடியலில் எழ மாட்டோம் என்று மலையில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் குளிர் தாங்காமல் வைத்துக்கொள்கிறோம். டாக்டர் பார்த்துவிட்டு, காணாமல் போன அன்று ராத்திரியே செத்திருக்கிறான் என்றார்.

செலஸ்டின் கடைக்கு வந்து அசலை உடைத்தார். நகல்களையும் உடைத்தார். நாலுதான் இருந்தன. திருப்பூர் என்று எழுதியதைக் காணோம். பிளேயரின் தட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, காலியாக.

காரியமெல்லாம் முடிந்தது. கலைமதி அழவே இல்லை. அத்தைக்கு அதுதான் பயம். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள் அவள். கடைசியில், "ரெண்டு தரம் கூப்புட்டாருங்கக்கா. நான் ஏன்னு கேக்கல" என்றாள்.

"நல்லதாப் போச்சு போ. மூணாந்தரம் கூப்புட்டிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"போயிருப்பனுங்க." யோசிக்காமல் சொன்னாள். "செலஸ்டின் அண்ணன் அந்நேரத்துக்கு வராம இருந்திருக்கலாம்."

அத்தை நன்றாகத் திட்டினாள். ஆசாரியைக் கூட்டிவந்து அவள் வீட்டுக் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தாள். ராத்திரி எழுந்து பார்த்தால் அது திறந்தே கிடக்கும். திட்டித் திட்டி அத்தைக்கும் வாய் ஓய்ந்துவிட்டது.

தை மாசம் நடுவில்… நல்லசாமி லோடு இறக்கிவிட்டுத் திருப்பூரில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்தார். விளக்கு வைக்கிற நேரம். மூலையில் டிவி, உள்ளூர்க் கேபிள். ஜவுளிக்கடை விளம்பரம் ஓடி முடிந்தது. நீல எழுத்தில் 'காணவில்லை' என்று வந்தது.

கல்படி. பாதி இறக்கிய ஷட்டர். அடியில் ஒரு பெண்ணின் இரண்டு கால்கள். பெண் குரல் இல்லை. ஆம்பளைக் குரல்.

"கலைமதி."

ஒரே ஒரு தரம்.

"எங்க இருந்தாலும் கெளம்பி வா. கதவுக்குத் தாழ் போடாமத்தான் வெச்சிருக்கறன்."

நல்லசாமி சோற்றுக் கையோடு எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினார். போனை எடுத்த செலஸ்டின் கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். அருவங்காட்டுக்கு வந்து சேர்ந்தபோது அத்தை வாசலில் நின்றாள்.

"இப்பத்தாங்க… விளக்குப் பொருத்திட்டு இருந்தா. திடீர்னு, 'இதோ வந்துட்டனுங்க'ன்னா. அவ்வளவு சந்தோசமாச் சொன்னா! ஆரு வந்ததுன்னு எட்டிப் பாத்தன்… ஆளைக் காணமுங்க."

கதவு திறந்து கிடந்தது. அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. மூடுபனி வாசல் வரை வந்திருந்தது. இருட்டில் டார்ச் அடித்து, கத்திக் கத்தித் தேடினார்கள். பேக்டரிக்கும் போனார்கள். பெரிய கதவில் முதலாளி போட்ட புதுப் பூட்டு தொங்கியது. பின்னால் ஏணியையும் அவர் எடுத்துவிட்டிருந்தார். உள்ளே போக வழியில்லை என்று திரும்பிவிட்டார்கள். கேபிள்காரரை விசாரித்தால், அப்படி ஒரு சி.டி. யாரும் கொடுக்கவில்லை, நாங்கள் போடவும் இல்லை என்றார்.

ஊரில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "திருப்பூருக்குத்தான் போயிருப்பாள்."

அத்தைக்கு மனசு ஆறவில்லை. விடிந்ததும் நல்லசாமி வந்து இறங்கினார். அவரையும் செலஸ்டினையும் இழுத்துக்கொண்டு அத்தை மறுபடி மேலே ஏறினாள். பூட்டு அப்படியே தொங்கியது. ஆனால் கிட்டே போகும்போதே வாடை அடித்தது… கரி வாடை. நல்லசாமி கல்லை எடுத்துப் பூட்டை உடைத்தார்.

உள்ளே ஒட்டடை, தூசி. தரையில் ஒரு காலடி இல்லை. தொட்டிக்கு அடியில் மரக்கதவு சாத்தியிருந்தது. திறந்தார்கள். யாரும் இல்லை. கரிச்சட்டி இருந்தது. பக்கத்தில் தேயிலை பரப்பியிருந்தது. பழைய இலை இல்லை. அப்போது பறித்த பச்சை இலை. அந்த இலைமேல் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்த பள்ளம்.

நல்லசாமி உள்ளே குனிந்து கை வைத்துப் பார்த்தார். ஒரு பள்ளம் சில்லென்று இருந்தது. இன்னொன்றில் சூடு இன்னும் ஆறவில்லை.